பாடு, பந்து, சென்னை சிட்டி

பழவேற்காடு ஏரியில் இறங்குகிறவர்களுக்குப் 'பாடு' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறோம். கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. சீட்டுப் போட்டு முறை எடுப்பார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு நாளை சுமாரான இடம். ஒருவரே கொழுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு. ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டு, அரசாங்கம் இல்லாமலே மக்கள் தங்கள் நீர்நிலையை எப்படிச் சமமாக நிர்வகிக்கிறார்கள் பாருங்கள் என்று மெச்சி எழுதிவிட்டுப் போவார்கள். மெச்ச வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் எங்கள் பெயர் கிடையாது. பட்டினவர் சாதியில் பிறந்த ஆண்களுக்கே பாடு. காலனிக்காரர்களுக்கும் இருளர்களுக்கும் ஏரியின் ஓரம்தான். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவி, கையில் சிக்கும் இறாலைப் பறியில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஆயாக்களும் அம்மாக்களும் அப்படித் தடவித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள்.

இந்தக் கட்டுரை பாட்டைப் பற்றியதல்ல, ஒரு கால்பந்து கிளப்பைப் பற்றியது. ஆனால் அந்தக் கிளப்புக்கு நடந்ததை எங்களுக்குப் புரிய வைத்தது பாடுதான். அதனால் அதை முதலில் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கம் கால்பந்து ஆடுவார்கள் என்றாலே பலருக்கு வியப்பு. ஏரி என்றதும் பூநாரையும் படகுச் சவாரியும் டச்சுக்காரர் கல்லறையும்தான் நினைவுக்கு வருகின்றன. கோடையில் தண்ணீர் பின்வாங்கியதும் வெளியே வருகிற தரை எங்களுக்கு மைதானம். உப்புப் பூத்துக் கெட்டியாக இருக்கும், விழுந்தால் தோல் உரியும். கிரிக்கெட் ஆடத் தோதான தரையில்லை, பந்து எழும்பாது. மட்டை, ஸ்டம்பு, கால்காப்பு என்று வாங்கவும் வழியில்லை. 22 பேருக்கு ஒரு பந்து போதும் என்கிற கணக்கு ஏழைகளுக்கு எப்போதும் பிடித்த கணக்கு. வியாசர்பாடியையும் புளியந்தோப்பையும் கால்பந்துக் களமாக்கியது அந்தக் கணக்குதான். பிரேசிலையும்தான் என்று சொல்லலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. எங்கள் பெரியவர்களுக்குக் கால்பந்து என்பது வேலை. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று சென்னை லீக்கில் ஆடிய பெரிய அணிகள் பலவும் அலுவலக அணிகள். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம். இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரைக்கும் போய் ஆடியிருக்கிறது. ஒரு சேரிப் பையன் இடது காலால் நன்றாக உதைத்தான் என்பதற்காக அவன் குடும்பத்துக்கு மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் ஓய்வூதியமும் கிடைத்த காலம் அது. கோப்பையைவிட அந்த நியமனக் கடிதம்தான் எங்களுக்குப் பெரிது. கால்பந்தைத் தனியார்மயமாக்கியவர்கள் ரசிகர்களுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குச் சொல்வார்கள். அலுவலக அணிகள் மங்கியதில் யாருக்கு என்ன போயிற்று என்ற கணக்கை நாங்கள்தான் போட வேண்டியிருக்கிறது.

சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கிளப் இருந்தது. அதன் பழைய பெயர் நேதாஜி ஸ்போர்ட்டிங் கிளப், ஆண்டு 1946. அந்த ஆண்டில் அந்தப் பெயர் வைத்ததற்கு விளக்கம் தேவையில்லை. இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான செங்கோட்டை வழக்கு 1945 நவம்பரில் தொடங்கி நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஒன்றை மட்டும் இடையில் சொல்லிக்கொள்கிறோம். மலேயாவில் அந்தப் படையில் சேர்ந்த சாமானியர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ரப்பர்த் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள், அவர்களில் நம்மவர்கள் ஏராளம். தலைவரின் பெயர் கிளப்புக்கு வந்தது. தோட்டத்திலிருந்து துப்பாக்கி தூக்கியவனின் பெயர் எதிலும் இல்லை.

பல பத்தாண்டுகள் சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கிளப், பெயர் மாறி, முதலாளி மாறி, 2016 டிசம்பரில் ஐ-லீக்குக்குள் நுழைந்தது. கீழ்ப்பிரிவிலிருந்து ஜெயித்து ஏறி வந்ததல்ல, நேரடி அனுமதி. அதே நாளில் பஞ்சாபின் மினர்வாவுக்கும் அனுமதி கிடைத்தது. முதல் இரண்டு பருவங்களும் சுமார்தான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அணி வேறு காரணத்துக்காக முக்கியமாயிற்று. வடசென்னையிலிருந்து வந்த நந்தகுமார் சேகர் அதில் ஆடினார். குமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்கிற மீனவ ஊரிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஆடினார். தூத்தூர் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கால்பந்து கிளப் இருக்கிறது. வலை உலர்த்தும் மணலில் பிள்ளைகள் பந்தோடு வளர்கிறார்கள். அந்த மணலிலிருந்து ஒருவர் தேசிய லீக்கில் ஆடுவதைப் பார்த்தபோது, எங்கள் கரையிலிருந்து ஏன் முடியாது என்று தோன்றியது. அதுவரை அப்படி ஒரு கேள்வி எங்களுக்கு எழுந்ததில்லை.

2017-இல் அணி கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. பெயரில் சென்னை, மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2018-இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார், அவரோடு ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஸ்பெயின் என்றதும் ரியல் மாட்ரிட், பார்சலோனா என்று கற்பனை செய்ய வேண்டாம். இவர்கள் அந்நாட்டின் மூன்றாம் பிரிவிலும் அதைச் சுற்றியும் ஆடிக்கொண்டிருந்தவர்கள். நெஸ்டர் கோர்டில்லோவும் சாண்ட்ரோ ரோட்ரிகஸும் ஆப்பிரிக்கக் கரையோரம் கிடக்கிற கானரித் தீவுகளைச் சேர்ந்தவர்கள். பெட்ரோ மான்சி பிறந்தது உருகுவே, ஆடி வளர்ந்தது ஸ்பெயினின் சிறிய கிளப்புகளில்.

மான்சி ஆடிய கிளப்புகளில் ஒன்று லோஸ்பிட்டாலெட். பார்சலோனா நகரத்தை ஒட்டியே இருக்கிற தொழிலாளர் நகரம் அது. ஐரோப்பாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் நகரங்களில் ஒன்று. 1950-களிலும் 60-களிலும் ஸ்பெயினின் தெற்கே வறண்ட நிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலிகள் அங்கே குடியேறினார்கள். பின்னால் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் நம் பக்கத்து நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சின்ன கிளப்புகள் சேர்ந்து 1957-இல் உருவான அணி, 60-களில் சில ஆண்டுகள் இரண்டாம் பிரிவில் ஆடியது. பிறகு பெரும்பாலும் மூன்றும் நான்கும்தான். அவர்களுடைய மைதானம் 1992 ஒலிம்பிக்கில் பேஸ்பால் ஆடக் கட்டியது. ஒலிம்பிக் முடிந்ததும் ஸ்பெயினில் பேஸ்பால் பார்க்க யார் இருக்கிறார்கள்? அதைக் கால்பந்துக்கு மாற்றித் தந்தார்கள். பத்தடி தூரத்தில் உலகத்தின் பணக்காரக் கிளப்புகளில் ஒன்று, இந்தப் பக்கம் கைமாறி வந்த மைதானத்தில் ஒரு கூலிக்கார ஊரின் அணி. எங்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எங்கள் கரையிலும் பத்தடிக்குள் இரண்டு உலகங்கள் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 400 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பியர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். டச்சுக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. துணி ஏற்றியது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் மனிதர்களையும் ஏற்றியது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் போனார்கள். பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவன் யாராக இருந்திருப்பான் என்று சாதி தெரிந்த எவருக்கும் தெரியும். கல்லறையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் அங்கே செதுக்கியிருக்கிற மண்டையோட்டைக் காட்டுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். 2018-இல் வந்த ஐரோப்பியர்களோ கூலிக்கு வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியவர்கள். எங்கள் தோழர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே மான்சி 3 கோல் போட்டார். பருவம் முழுக்க 21. பல ஆட்டங்களைத் தொலைக்காட்சி காட்டவில்லை. ஒளிபரப்புக்காரர்களுக்கு இந்த லீக்கில் அக்கறை போய்விட்டிருந்தது. நாங்கள் செல்பேசியில் ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துத்தான் பருவத்தைக் கடத்தினோம். காலனி முனையில் ஒருவர் பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு ஆயா தினமும் கேட்பாள்: "ஏன்டா, அவனுங்க ஒதைச்சா ஒங்க பறியில எறா வுழுமா?" வுழாது ஆயா என்போம். "அப்ப ஏன் வாயப் பொளந்துக்கினு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவளும் நின்று ஸ்கோர் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

2019 மார்ச் 9. கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வாவோடு ஜெயிக்க வேண்டும். நாங்கள் எட்டுப் பேர் பொன்னேரியிலிருந்து சென்ட்ரல் வந்து, முன்பதிவில்லாப் பெட்டியில் கதவோரம் உட்கார்ந்து கோவை போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது நிமிடத்தில் மினர்வாவின் பிலாலா கோல் அடித்தார். ஸ்டேடியம் அப்படியே அடங்கிப்போயிற்று. இடைவேளை வரைக்கும் அதே நிலை. 56-ஆவது நிமிடத்தில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். சமன் போதாது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. கடைசியில் அவர்கள் 2-1 என்று ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் அதற்குள் இங்கே கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர், 69-ஆவது நிமிடத்தில் ஒன்று, கூடுதல் நேரத்தில் இன்னொன்று என்று இரண்டு போட்டுவிட்டார். 3-1. 43 புள்ளி. தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. உருகுவேக்காரர், கானரித் தீவுக்காரர்கள், அசாம்காரர், சிங்கப்பூர்ப் பயிற்சியாளர், நடுவில் நம் பிள்ளைகள். திரும்பி வரும் வண்டியில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

ஒரு லீக்கை வென்றால் என்ன கிடைக்க வேண்டும்? உலகம் முழுக்க இதற்கு ஒரே பதில்: மேலே ஒரு பிரிவு இருந்தால் அங்கே போகலாம். இந்தியாவில் 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2010-இல், இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் 15 ஆண்டுக்கு ஒரு கம்பெனிக் கூட்டின் கைக்குப் போய்விட்டன. அப்போது ஐ.எஸ்.எல்.-இல் இடம் என்பது ஆடிப் பெறுவதாக இல்லை, வாங்கிப் பெறுவதாக இருந்தது. ஆண்டுதோறும் பல கோடி கட்டணம் இருந்தது. தோற்றாலும் கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை. கீழே ஜெயித்தாலும் மேலே ஏற முடியவில்லை. 2019-இல் சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கிய சில மாதங்களுக்குள் ஐ.எஸ்.எல்.-ஐத்தான் நாட்டின் முதல் நிலை லீக்காக அறிவித்தார்கள். அதாவது, சாம்பியன் இருந்த இடத்திலேயே இருக்க, அவர்கள் நின்றிருந்த படி ஒன்று கீழே இறக்கப்பட்டது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போகும் வழி 2023-இல்தான் திறந்தது, பஞ்சாப் அணி போயிற்று. சென்னை சிட்டிக்கு அது நான்கு ஆண்டு தாமதம்.

அந்தச் செய்தியைப் படித்தபோது காலனியில் ஒருவர் சொன்னது: "இவனுங்களும் பாடு வெச்சிருக்கானுங்கப்பா." எங்களுக்குள் நடந்த எந்த விவாதமும் அதற்கு மேல் துல்லியமாக எதையும் சொல்லவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம், முறை, கணக்கு எல்லாம் உண்டு. உள்ளே வருவதற்கு மட்டும் வழி இல்லை. ஒன்றில் பிறப்பு வேண்டும், இன்னொன்றில் பணம் வேண்டும். நம் நாட்டில் இந்த இரண்டும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பது தெரிந்ததுதான்.

ஸ்பெயினில் எப்படி? எய்பார் என்று பாஸ்க் பகுதியில் ஒரு மலையூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 27,000. பொன்னேரி அளவுகூட இல்லை. துப்பாக்கி செய்யும் பட்டறைத் தொழிலாளர்களின் ஊர், பிறகு சைக்கிள் செய்தார்கள். 1931 ஏப்ரல் 14 அன்று ஸ்பெயினில் மன்னராட்சி முடிந்து குடியரசு வந்ததை முதலில் அறிவித்தது இந்த ஊர். உள்நாட்டுப் போரில் குண்டு விழுந்து பாதி அழிந்தது. 1940-இல் கிளப் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் மூன்றாம், இரண்டாம் பிரிவுகளில் கிடந்துவிட்டு, 2014-இல் இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்குத் தகுதி பெற்றார்கள். கடன் ஒரு காசு இல்லை. அப்போதும் சட்டம் குறுக்கே வந்தது. கிளப்பின் மூலதனம் போதாது, ஆகஸ்டுக்குள் சுமார் 17 லட்சம் யூரோ திரட்டாவிட்டால் மேலே போவது இருக்கட்டும், மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பெரும் பணக்காரரைத் தேடிப் போகவில்லை. சின்னச் சின்னப் பங்குகளாக விற்றார்கள். பல நாடுகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வாங்கினார்கள். ஒரு காலத்தில் இரவலாக அந்த அணியில் ஆடிவிட்டுப் போன ஷாபி அலோன்சோ, டேவிட் சில்வா போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். பணம் சேர்ந்தது. 2021 வரை ஏழு பருவங்கள் பார்சலோனாவும் மாட்ரிட்டும் அந்த மலையூருக்கு வந்து ஆடிவிட்டுப் போயின. பிறகு தோற்றார்கள், இறங்கினார்கள், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கியதால் கிளப் சாகவில்லை. ஏணி என்று ஒன்று இருந்தால் இறங்குவதும் வாழ்க்கைதான்.

ஸ்பெயினைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2024 மார்ச்சில் அதே மூன்றாம் பிரிவில் ராயோ மஹதஹோண்டா அணியின் செனகல் நாட்டுக் கோல்காப்பாளர் ஷேக் சார், தன்னை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்திய பார்வையாளரிடம் நேரே போய் நின்றார். நடுவர் சிவப்பு அட்டை காட்டியது சாருக்கு. அவருடைய அணி ஆட மாட்டோம் என்று வெளியேறியது. ஒழுங்குக் குழு முதலில் கொடுத்த தீர்ப்பில் சாருக்கு 2 ஆட்டத் தடை, வெளியேறிய அணிக்கு 3-0 தோல்வி. அவமானப்பட்டவன் கோபப்பட்டால் அதுதான் முதல் குற்றம். இந்த நடைமுறை எங்களுக்குப் புதிதில்லை, எங்கள் மீது பதிவாகிற 'அமைதிக்குப் பங்கம்' வழக்குகள் எல்லாம் இதே வகைதான். ஆனால் அணி மொத்தமாக அவரோடு வெளியேறியதே, அதைப் பலமுறை நினைத்துக்கொள்கிறோம். பல்வங்கர் பாலு 1911-இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். அதற்கு முன்பு புனேயில் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். உள்ளே பீங்கான் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்த சக ஆட்டக்காரர்கள் யாரும் வெளியேறியதாக வரலாறு சொல்லவில்லை. 'ப்ளூ ஸ்டார்' படம் அரக்கோணத்துக் காலனி அணிக்கும் ஊர் அணிக்கும் நடுவே இருக்கிற கோட்டைக் காட்டியபோது எங்கள் பையன்கள் தியேட்டரில் எழுந்து நின்று கத்தியது ஹீரோவுக்காக மட்டுமல்ல.

சென்னை சிட்டியின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது அதிகம் இல்லை. கோப்பை வென்ற ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அகாடமி வரப்போகிறது, தமிழ்ப் பிள்ளைகள் ஐரோப்பா போகப்போகிறார்கள் என்றெல்லாம் பேசினார்கள். நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார், மான்சி ஜப்பானுக்குப் போனார். 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம், பஹ்ரைனின் அல் ரிஃபா அணியோடு. தமிழ்நாட்டுச் சாம்பியனின் அந்தச் சொந்த மைதான ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில். 0-1. பிறகு கொரோனா. 2020-21 பருவம் கொல்கத்தாவில் அடைத்துவைத்து நடந்தது, அணி கீழ்ப்பாதியில் தடுமாறியது. அடுத்த பருவத்துக்கு உரிமத் தகுதிகளை நிறைவேற்றவில்லை என்று லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1946-இல் தொடங்கியதாகச் சொன்ன கிளப் 2021-இல் இல்லாமல் போயிற்று. கோப்பையைத் தூக்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

யாரும் மறியல் செய்யவில்லை. செய்தித்தாளில் ஒரு பத்தி. எய்பார் மக்கள் மாதிரி பங்கு வாங்கிக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டால், யாரிடம் வாங்குவது? கிளப் ஒருவருடைய சொத்து. சென்னைக்காரர்களிடமிருந்து அதைக் கோவைக்கு எடுத்துப் போகும்போதும் யாரையும் கேட்கவில்லை, மூடும்போதும் கேட்கவில்லை. எங்கள் கோபம் முதலாளி மீது அல்ல, அவர் பணம் போட்டார், ஒரு கோப்பையையும் காட்டினார். ஒரு ஊரின் அணி என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது ஊருக்குச் சொந்தமில்லை என்பதுதான் விஷயம். அந்த அணியில் தொடங்கிய நந்தகுமார் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலைக் கொல்கத்தா இன்றும் பேசுகிறது. அந்தப் பந்தை அவர் இங்கே அடிக்க ஒரு சட்டை இல்லை. அந்தப் பெரிய ஐ.எஸ்.எல்.-கூட 2025 ஜூலையில், உரிம ஒப்பந்தம் முடியப்போகிறது என்று பருவத்தையே நிறுத்திவைத்தது. சீட்டு எழுதுகிறவன் கையை மடக்கிக்கொண்டால் சீட்டில் பெயர் இருக்கிறவனுக்கும் வலை கட்ட முடியாது.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்றால், எங்கள் காலனி அணியைப் பதிவு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பதிவு செய்தால் மாவட்ட லீக்கில் கீழ்ப்பிரிவில் ஆடலாம், அங்கிருந்து மேலே. காகிதத்தில் ஏணி இருக்கிறது. பதிவுக்கு ஒரு மைதானம் காட்ட வேண்டும். ஏரித்தரை ஆண்டில் நான்கு மாதம்தான் மைதானம், மீதி எட்டு மாதம் ஏரி. நிரந்தர மைதானம் ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறது. அதில் ஊர்ப் பிள்ளைகள் ஆடாத நேரத்தில் ஆடிக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சாக அனுமதி இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு ஏழு பேர் ஆடும் போட்டி ஒன்றில் எங்கள் அணி இறுதிக்குப் போனது. அந்த வாரத்திலிருந்து கம்பி வேலியும் பூட்டும் வந்துவிட்டன. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த ஊரோடு நாங்கள் தோளோடு தோள் நிற்கிற இடமும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிரான கூட்டங்களில் பட்டினவர் ஊர்களும் நாங்களும் ஒரே பந்தலில் உட்கார்கிறோம். முகத்துவாரம் தூர்ந்தால் பாட்டுக்காரன் வலையும் காயும், எங்கள் பறியும் காயும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்கிற உத்தரவு எல்லாச் சாதிக்கும் ஒன்றுதான். பந்தலில் எங்களுக்கு நாற்காலி கிடைக்கிறது, தேநீர் அதே கண்ணாடிக் குவளையில் வருகிறது. கூட்டம் முடிந்து எழுந்து போனால் பாடு பாடாகவே இருக்கிறது, பூட்டு பூட்டாகவே இருக்கிறது. அங்குள்ள இளைஞர்கள் சிலர் தனியாகப் பேசும்போது "தப்புதாண்ணே" என்கிறார்கள். கூட்டத்தில் சொல்லுங்கள் தம்பி என்று கேட்டிருக்கிறோம். சொல்வார்கள் என்று நம்புகிற தோழர்களும் இருக்கிறார்கள், நம்பாதவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை.

பெண் பிள்ளைகள் தனியாக ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். பையன்கள் ஆடி முடித்த பிறகு இருட்டில் ஆட முடியாது, எங்களுக்கும் முறை வையுங்கள் என்று. அவர்கள் கையில் உதாரணமும் இருக்கிறது. கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனார். சென்னை சிட்டி கோப்பை வென்ற இரண்டே மாதத்தில், 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் தேசிய லீக்கை வென்றது. அதைப் பார்க்க நாங்கள் ரயில் ஏறவில்லை என்பதைப் பெண்கள் சுட்டிக்காட்டினார்கள். வாரத்தில் மூன்று நாள் மாலை 4 மணி முதல் 5.30 வரை ஏரித்தரை அவர்களுக்கு என்று முடிவாகியிருக்கிறது. சீட்டுப் போடவில்லை, பேசி முடிவு செய்தோம்.

வருகிற கிராமசபையில் வைக்கப்போகிற தீர்மானம் இதுதான்: காலனிக்குக் கிழக்கே உள்ள புறம்போக்கில் இரண்டு ஏக்கரை விளையாட்டு மைதானம் என்று வகைப்படுத்த வேண்டும், எந்தச் சாதி அணியும் முன்பதிவு செய்து ஆடும்படி ஊராட்சியே சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். அளவைக் கல் பார்த்துவிட்டோம், புல எண் எடுத்துவிட்டோம். கிளப்பின் பெயரை இன்னும் முடிவு செய்யவில்லை. அம்பேத்கர் பெயர் என்று ஒரு பக்கம், ஏரியின் பெயர் என்று ஒரு பக்கம். அந்த ஆயா மட்டும் 'பறி' என்று வைக்கச் சொல்கிறாள். உறுப்பினர் சந்தா வீட்டுக்கு 20 ரூபாய். இதுவரை 61 வீடு கட்டியிருக்கிறது.